ஒஹாயோவைக் கைவிட்ட வாரம்

லண்டனின் ஹரோவில் பகல் பதினொரு மணி என்றால் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் காலை ஆறு. அங்கே காலைச் செய்தி தொடங்கும் நேரத்தில் இங்கே பாலாம்பிகை அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஏறுவாள். சின்ன அறையில் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா வேலையில் இருப்பார். அவருக்குப் பின்னால் அவளுக்கென்று உட்கார ஒரு கதிரை கிடந்தது.

அவருடைய வேலை விளம்பரம் பார்ப்பது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் எந்த மாநிலத்தில், எந்தத் தொலைக்காட்சியில், யார் எவ்வளவு கொட்டுகிறார்கள் என்று கணக்கெடுத்து விற்கும் ஒரு நிறுவனம் அவரை வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்திருந்தது. ஏற்கெனவே ஓடிய விளம்பரங்களைக் கணினியே அடையாளம் காணும். புதிதாக ஒன்று வந்தால் ஒரு மனிதன் முழுவதும் பார்த்துப் பதிய வேண்டும்: காசு கொடுத்தவர் யார், ஏச்சு வாங்குபவர் யார், படத்தில் குழந்தை உண்டா, கொடி உண்டா. பிறகு அந்த நேரத்தின் விலையால் பெருக்கி, வெள்ளிக்கிழமை மாநிலவாரியாக அறிக்கை அனுப்ப வேண்டும். இது அவருக்கு மூன்றாவது தேர்தல். இதுவரை ஒரு பிழையும் விட்டதில்லை.

இந்த முறை அவருக்கு டொலீடோ இருக்கும் ஒஹாயோ மாநிலம். மகள் விதுஷா டொலீடோவில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒஹாயோ தற்செயலாகக் கிடைத்தது என்று பாலாம்பிகையிடம் சொன்னார். உண்மையில் கேட்டுத்தான் வாங்கினார்.

பாலாம்பிகைக்கு விளம்பரம் தேவையில்லை. இரண்டு வேட்பாளர்களும் மாறி மாறிக் கரித்துக் கொட்டும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்கு வேண்டியது நடுவில் வரும் வானிலை. அதைச் சொல்லும் பருத்த மனிதர் நாளுக்கு ஒரு நிறத்தில் கழுத்துப்பட்டி கட்டினார். அவருக்கு மழைத் தம்பி என்று பெயர் வைத்திருந்தாள். அவருக்குப் பிறகு ஏரிக்காற்று, பிறகு பாலத்தில் வாகன நெரிசல். பாரன்ஹைட்டை மாற்றிப் பார்க்கக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டினாள். மூன்றாம் வாரம் அது தேவைப்படவில்லை.

பதினொன்று பத்துக்கு மகளுக்குச் செய்தி போகும். குடை கொண்டு போ. பாலத்தாலை போகாதை, லொறி பிரண்டிருக்கு. காதை மூடு.

விதுஷா ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொலைபேசியில் அழைப்பு எடுப்பாள்.

“அம்மா, என்ர போனிலை வெதர் இருக்கு.”

“இருக்கும். நீ பாக்கமாட்டாய்.”

செப்டெம்பர் கடைசியில் விளம்பரங்கள் மெலிந்தன. பாலாம்பிகைதான் முதலில் கவனித்தாள்.

“என்ன, இண்டைக்கு ஒருத்தரும் ஒருத்தரையும் ஏசேல்லை?”

அவர் விளக்கினார். யார் வெல்வார் என்று தெரிந்துவிட்டால் அந்த மாநிலத்தில் இரண்டு பக்கமும் காசு போடாது. இழுபறியாக உள்ள இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஒஹாயோவில் கருத்துக்கணிப்பில் இருவருக்கும் இடைவெளி ஒன்பது புள்ளி ஆகிவிட்டது.

“போகட்டும். எங்களுக்கென்ன?”

“கிழமைக்கு ஐம்பதினாயிரம் டொலருக்குக் கீழை போனால் கொம்பனி இந்தச் சனலை நிப்பாட்டிப்போடும். எனக்கு வேறை மாநிலம் தருவினம்.”

அவள் திரையை நோக்கி விரலை நீட்டினாள்.

“அப்ப மழைத் தம்பி?”

“அவரும்தான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலாம்பிகை தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டிவைத்து மகளோடு அரசியல் பேசினாள். வாழ்நாளில் முதல் தடவை.

“பிள்ளை, ஆரும் கருத்துக்கணிப்பெண்டு கேட்டால், இன்னும் முடிவெடுக்கேல்லை எண்டு சொல்லு.”

“அம்மா, எனக்கு இஞ்சை வோட்டே இல்லை.”

“உன்ர வீட்டுக்காரக் கிழவருக்கு இருக்குத்தானே? அவரைச் சொல்லச் சொல்லு.”

“அவர் வாசலிலை தன்ர கட்சிப் பலகை நட்டு ரெண்டு மாசம்.”

“பிடுங்கச் சொல்லு. தேர்தலுக்கு முதல்நாள் திருப்பி நடட்டும்.”

“அப்பா! அம்மாவுக்கு என்ன பிடிச்சது?”

“ஜனநாயகம்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

வெள்ளிக்கிழமை அந்த வாரச் செலவைக் கூட்டிப் பார்த்தார். நாற்பத்தெட்டாயிரத்து முந்நூறு. பாலாம்பிகை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“ஆயிரத்து எழுநூறுதானே குறை.”

“ஓம்.”

“காலமைச் செய்திக்குள்ளை ஒரு விளம்பரம் எவ்வளவு?”

“தொள்ளாயிரம்.”

“அப்ப ரெண்டு கூட எண்ணினால் காணும்.”

“ஓடாததை எப்பிடி எண்ணிறது?”

“ஆர் கண்டது? நீங்களும் நானும்தானே பாக்கிறம்.”

அது உண்மை. லண்டன் முழுவதிலும் அந்த அலைவரிசைக்கு இரண்டே பார்வையாளர்கள். அவர் அனுப்பும் விசையில் விரலை வைத்தபடி இருந்தார். முப்பத்தொரு வருடத்தில் அவள் அவரிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அகதிக் கடிதத்துக்குக் கால்கடுக்க நின்ற நாட்களில்கூட, வாங்கோ வீட்டை போவம் என்று சொன்னதில்லை. இப்போது கேட்பது இரண்டு விளம்பரம்.

உள்ளதையே அனுப்பினார்.

தேத்தண்ணி வழமையான நேரத்துக்கு வந்தது. சீனி இல்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மாடிப்படியில் காலடி கேட்கவில்லை. டொலீடோ சனல் நிறுத்தப்பட்டுவிட்டது; அவருடைய புதிய மாநிலம் அரிசோனா. ஃபீனிக்ஸ் நகரத்தின் காலைச் செய்தி இங்கே பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் வரும். இரண்டு மணிக்கு அவர் படிக்கட்டில் நின்று கூப்பிட்டார்.

“இஞ்சாரும், ஒருக்கா வாரும். இஞ்சை நல்லா ஏசுப்படுகினம்.”

அவள் வந்து கதிரையில் இருந்தாள். ஐந்து நிமிடத்தில் ஏழு விளம்பரம். பிறகு ஓர் இளம்பெண் வெறும் நீல வானத்தைக் காட்டி நூற்றிரண்டு பாகை என்றாள்.

“எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ அங்கை?”

“எனக்குத் தெரிய இல்லை.”

“ஆற்றையோ பிள்ளை இருக்கும். தண்ணி குடிக்குதோ தெரியாது.” எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். “இதையும் கேட்டோ வாங்கினியள்?”

அவர் அடுத்த விளம்பரத்தைப் பதியத் தொடங்கினார்.

புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு அவருடைய தொலைபேசி அடித்தது. விதுஷா. ஞாயிறு அல்லாத நாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

“அப்பா, அம்மாவுக்குச் சுகமில்லையோ?”

“நல்லா இருக்கிறா. ஏன்?”

“மூண்டு நாளா மெசேஜ் இல்லை. நான் முழுக்க நனைஞ்சுபோய் வேலையிலை நிக்கிறன். சப்பாத்துக்குள்ளை தண்ணி.”

“போனிலை வெதர் இருக்குதெண்டாய்.”

“ஆரப்பா அதைப் பாக்கிறது? அம்மா போடுவாதானே.”

அவர் தொலைபேசியை அப்படியே கொண்டு கீழே இறங்கினார். பாலாம்பிகை கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். தொலைபேசியை வெட்டுப்பலகைக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

“இப்ப சொல்லு, பிள்ளை. அப்பாவுக்குச் சொன்னதை.”

விதுஷா சொன்னாள். சப்பாத்தில் தொடங்கினாள். பாலாம்பிகை கத்தியைக் கீழே வைத்தாள்.

“எனக்கு இப்ப அரிசோனாதான் தெரியும், பிள்ளை. உன்ர ஊரை நிப்பாட்டிப்போட்டினம். அப்பா ரெண்டு விளம்பரம் கூடப் போடமாட்டன் எண்டிட்டார்.”

விதுஷா சப்பாத்தை மறந்தாள்.

“அம்மா, அப்ப நீங்கள் என்ர ஊர் வெதரைப் பாக்கத்தான் தினமும் அப்பாவோடை இருந்தனீங்களோ?”

“வேறை என்னத்துக்கு? அவையின்ரை ஏச்சைக் கேக்கவோ?”

“நாளைக்கு வெளிக்கிட முதல் எடுக்கிறன்,” என்றாள் விதுஷா.

வியாழக்கிழமை பதினொன்று பத்துக்கு எடுத்தாள். பாலாம்பிகை தொலைபேசியோடு மாடிக்கு ஏறி, கதிரையில் வந்து அமர்ந்தாள்.

“ஜன்னலடியிலை நிக்கிறன் அம்மா. ஒரே மேகம். காத்து அடிக்குது. கிழவற்றை குப்பை வாளி ரோட்டிலை உருண்டு போகுது.”

“பாலம்?”

“பாலம் இஞ்சையிருந்து தெரியாது.”

“அவர் பாலமும் காட்டுவார்.”

“எவர்?”

“அதை விடு. குடை கொண்டு போ.”

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். அது இருண்டு கிடந்தது. அரிசோனாவுக்கு விடிய இன்னும் நேரம் இருந்தது.

“மழைத் தம்பி அளவுக்கு வராது,” என்றாள் கணவரிடம். “பிள்ளை இப்பதானே தொடங்கியிருக்கிறாள். பழகியிடுவாள்.”