பட்டியல் இருந்த புது முகவரி

மே மாதத்து சனிக்கிழமை. காலை பத்தேகால் மணிக்கு அல்லியின் வீட்டு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

“ரத்தம் குடுக்கறவங்க லிஸ்ட் வச்சிருக்கிற டீச்சர் வீடு இதானுங்களா?”

“ஆமா, சொல்லுங்க.”

அவன் பெயர் கார்த்திகேசன். காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில் நெல் விவசாயம். நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி நிலாவுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது. மாலை நாலு மணிக்கு ஆபரேஷன். ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் கையில் இருந்தால்தான் தொடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரத்த வங்கியில் ஒன்றுதான் இருந்தது.

“நர்ஸம்மா உங்க சைட்டப் பாக்கச் சொன்னாங்க. அது திறக்கவே இல்லங்க. அதான் அட்ரஸ் கேட்டுக்கிட்டு வந்தேன்.”

அல்லி தருமபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியை. நாலு வருஷத்துக்கு முன் அப்பாவின் ஆபரேஷனுக்கு ரத்தம் தேடி அலைந்தபோது தொடங்கிய பட்டியல் அது. சென்னையில் வேலை பார்க்கும் தம்பி மாறன் அதற்கென்று ஒரு இணையதளம் செய்து கொடுத்தான். இப்போது அதில் அறுநூற்றுச் சொச்சம் பேர். அச்செடுத்து வைக்கச் சொல்லிப் பலர் கேட்டும் அவள் செய்யவில்லை. தளத்தில் தேடினால் கேட்ட ரத்த வகைக்காரர்களின் எண்கள் மட்டும்தான் தெரியும்; நம்பித் தந்த எண்கள் மொத்தமாகக் கை மாறிவிடக் கூடாது என்பது அவளுடைய பிடிவாதம்.

கைபேசியில் தளத்தின் பெயரை அடித்தாள். சுற்றிக்கொண்டே இருந்து, அடைய முடியவில்லை என்று வந்தது. மடிக்கணினியிலும் அதேதான்.

மாறன் காலையில் அனுப்பியிருந்த செய்தி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “புது சர்வருக்கு மாத்திட்டேன்க்கா. பழசை நிறுத்திட்டேன். ஃப்ளைட் ஏறுறேன்.” அவனை அழைத்தாள். கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மாற்றும்போது எல்லாம் அழிந்துபோயிருந்தால்? பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றால்? கார்த்திகேசன் முகத்தைப் பார்த்தாள். அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

“உள்ள வந்து உக்காருங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு போன் போட்டுப் பாக்குறேன்” என்றாள்.

ஓ நெகட்டிவ்காரர்களில் அவள் கைபேசியில் எண் இருந்தது ஒருவருக்குத்தான். காரைக்கால் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நூர் அகமது. முதல் மணியிலேயே எடுத்தார்.

“அடடா, போன மாசந்தானே டீச்சர் குடுத்தேன். மூணு மாசம் ஆகணுமே. லிஸ்ட்ல வேற ஆள் இருப்பாங்களே?”

“அது திறக்க மாட்டேங்குதுங்க பாய்.”

“இருங்க, என் போன்ல பாக்குறேன்.” கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசினார். “எனக்குத் திறக்குதே! ஓ நெகட்டிவ் போட்டா என்னையும் சேத்து நாலு பேர் வருது.”

அப்படியானால் பட்டியல் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது.

“பாய், அப்படியே போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புங்க.”

படம் வந்தது. முதல் ஆள் திருச்சியில் இருந்தார். இரண்டாவது எண்ணை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது, மண்டபத்தூர் அன்பழகன், படகு வைத்திருப்பவர்.

“மீன்பிடி தடைக்காலங்க, கரையிலதான் கெடக்கேன். கடைசியா குடுத்து ஆறு மாசம் ஆச்சு. எந்த ஆஸ்பத்திரி? அரை மணியில வந்துர்றேன்.”

கார்த்திகேசன் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினான். தலையெல்லாம் வேர்வை.

ஆஸ்பத்திரிக்கு அவள் தன் ஸ்கூட்டியில் கூடவே போனாள். ரத்த வங்கிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து அன்பழகனுக்காகக் காத்திருந்தார்கள். கார்த்திகேசனால் சும்மா இருக்க முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாசலுக்குப் போய் வந்தான். அவனைப் பேச்சில் இருத்தவும், தனக்கே ஒரு தெளிவு வரவும் அல்லி ஆரம்பித்தாள்.

“பாய்க்குத் திறந்தது நமக்கு ஏன் திறக்கலன்னு யோசிச்சேன். உங்க சிம்மும் என்னோடதும் ஒரே கம்பெனி. என் வீட்டு வைஃபையும் அவங்களோடதுதான். பாயோடது வேற.”

“அதனால என்னங்க?”

“நாம அடிக்கிறது பேரு. ஆனா மெஷினுக்குப் பேரால போகத் தெரியாது, நம்பர் வேணும். அதனால போன் முதல்ல நம்ம கம்பெனியோட மெஷின்கிட்ட இந்தப் பேருக்கு என்ன நம்பர்னு கேக்கும். அதுக்குத் தெரியலன்னா எல்லாத்துக்கும் மேல இருக்கற மெஷின்கிட்ட போய்க் கேக்கும்.”

“அதுக்கு எல்லாம் தெரியுமா?”

“அதுக்கும் தெரியாது. ‘டாட் இன்’னு முடியிற பேரா, அதப் பாத்துக்கறவங்க இன்னார், அங்க போன்னு சொல்லும். அங்க போனா, இந்தப் பேருக்குப் பொறுப்பு இன்ன மெஷின்னு சொல்வாங்க. அந்தக் கடைசி ஆள்தான் நம்பரக் குடுப்பான்.”

“ஒவ்வொரு தடவையும் இவ்வளவு தூரமா?”

“அதான் விஷயமே. ஒவ்வொரு தடவையும் அலைய வேண்டாம்னு கெடச்ச நம்பர நம்ம கம்பெனி மெஷின் கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சுக்கும். எவ்வளவு நேரம்னு நாமதான் எழுதி வைக்கணும். என் தம்பி ஒரு நாள்னு எழுதி வச்சிருக்கான். இன்னைக்குக் காலையிலதான் சைட்ட வேற மெஷினுக்கு மாத்திட்டுப் பழசை நிறுத்தினான், அதோட நம்பரும் மாறிடுச்சு.”

கார்த்திகேசன் நெற்றியைச் சுருக்கினான். “நேத்து யாரோ கேட்டப்ப வாங்கி வச்ச நம்பரத்தான் நமக்கு இன்னைக்கும் குடுக்குறான். அந்த எடத்த உங்க தம்பி காலையில பூட்டிட்டாரு.”

“அதே. பாயோட கம்பெனியில நேத்து யாரும் கேக்கல போல. இன்னைக்குப் புதுசா கேட்டிருக்கு, புது நம்பர் கெடச்சிருக்கு.”

“சைட்டே போச்சுன்னு நெனச்சீங்களா டீச்சர்? வீட்ல உங்க மூஞ்சியப் பாத்தே பயந்துட்டேன்.”

அவள் பதில் சொல்வதற்குள் கட்டம்போட்ட சட்டையில் ஒருவர் வேகமாக உள்ளே வந்தார். “அன்பழகன். எங்கங்க படுக்கணும்?” என்று கேட்டபடியே சட்டைக் கையை மடித்தார்.

அவர் உள்ளே போனதும் அல்லி தன் கைபேசியின் அமைப்புகளைத் திறந்து, கம்பெனியின் மெஷினுக்குப் பதில் எல்லோருக்கும் பொதுவான வேறொன்றிடம் கேட்கும்படி மாற்றினாள். பெயரை அடித்தாள். சிவப்புத் துளிப் படத்துடன் பக்கம் வந்து நின்றது. மனம் ஆறாமல், தன் கடவுச்சொல்லைப் போட்டு மொத்தப் பட்டியலையும் கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்த்தாள். அறுநூற்றுச் சொச்சம் பேரும் இருந்தார்கள். நர்ஸின் கைபேசியிலும் அதே மாற்றத்தைச் செய்து கொடுத்தாள்.

ஒன்றரை மணிக்கு மாறன் அழைத்தான். டெல்லியில் இறங்கியிருந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிப்போனது.

“தப்பு என்னோடதுக்கா. ஞாபக நேரத்த முன்னாடியே அஞ்சு நிமிஷமா குறைச்சுட்டு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் நம்பர மாத்திருக்கணும். பழசையும் ஓடவிட்டிருக்கணும். இப்பவே ஆன் பண்றேன்.”

“திட்டணும்னுதான் இருந்தேன். எல்லாம் பத்திரமா இருக்குறதப் பாத்ததும் திட்டத் தோணல” என்றாள்.

ஆபரேஷன் நாலேகாலுக்குத் தொடங்கியது. ஐந்து மணிக்குச் சற்று முன்பு நர்ஸ் கதவைத் திறந்தாள்.

“பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ரெண்டு யூனிட்டும் தேவைப்பட்டுச்சு, ஏத்தியாச்சு.”

கார்த்திகேசன் சுவரில் சாய்ந்து, இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மாமியாருக்கு போன் போட்டு, “பயப்படாதீங்கத்தை, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

அன்பழகன் இன்னும் போகாமல் வாசல் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அல்லி போய்ச் சேதி சொன்னதும், அவளுக்கும் ஒரு டீ போடச் சொல்லிக் கடைக்காரருக்கு உரக்கக் குரல் கொடுத்தார். காலையிலிருந்து தான் எதுவுமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூடவே இரண்டு வடையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.