கேதீஸ்வரன் காட்டிய ஏழு இடங்கள்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. போன கிறிஸ்மஸ் லீவில் பிளாக்டவுனில் விமலா வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னது. விமலாவும் கதையில் வரும் சந்திரவதனாவும் சிட்னியில் ஒரே ஃபிளாட்டில் இருந்தவர்கள். கதை கடைசிக் கட்டத்துக்கு வந்த நேரத்தில் முன்னறையில் யாரோ கேக் வெட்டக் கூப்பிட, விமலா கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். முடிவு அவளுக்குத் தெரியும். ஒரு ஃபோன் போட்டால் சொல்வாள். நான் போடவில்லை.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"1974 செப்டெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, செம்புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்த பஸ்ஸிலிருந்து..." (புழுதி இல்லாமல் இந்த நாட்டின் உட்பகுதியைப் பற்றி எவராவது எழுதியிருக்கிறார்களா? அடித்துவிட்டேன்.)

"தனிமை என்பது ஒரு..." (வேண்டாம். ஆளைக் கூட்டி வா.)

"சந்திரவதனா 'இல்லை' என்று சொல்லத்தான் வந்திருந்தாள்." இது இருக்கட்டும்.

2

சந்திரவதனா 'இல்லை' என்று சொல்லத்தான் வந்திருந்தாள். ரயிலில் ஓர் இரவு, பஸ்ஸில் ஒரு பகல், அவ்வளவு தூரமும் அந்த ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டே வந்தாள்.

அவளுடைய கணவர் கேதீஸ்வரன்தான் அந்த ஊருக்கு* ஒரே டாக்டர். வந்து எட்டு மாதம். ஆஸ்பத்திரிக் கமிட்டி அவரிடம் மூன்று வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்டிருந்தது. மனைவி வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று இவர் திங்கட்கிழமைவரை தவணை வாங்கியிருந்தார். அவளுக்கோ சிட்னி ஆஸ்பத்திரி ஒன்றில் இரத்தப் பரிசோதனை வேலை. பதினோரு விண்ணப்பம் போட்டுக் கிடைத்தது. அதை விட்டுவிட்டு, ஒரு தெரு, ஒரு பப், ஒரு பெட்ரோல் பம்ப், முந்நூறு பேர் உள்ள இடத்தில் மூன்று வருடம் இருப்பதா? அவர் கையெழுத்துப் போட்டால் அவள் சிட்னியில், அவர் இங்கே. போடாவிட்டால் இந்த முந்நூறு பேருக்கு டாக்டர் இல்லை.

பஸ் நின்ற இடத்தில் கேதீஸ்வரன் கையில் ஒரு கடதாசியோடு நின்றார். ஒன்றிலிருந்து ஏழு வரை இலக்கமிட்டு, ஏழு இடங்கள், ஏழு நேரங்கள். கிளினிக்கில் நோயாளிகளுக்கு நேரம் கொடுப்பது போலவே எழுதியிருந்தார்.

"ஞாயிறு இரவுக்குள்ள எல்லாம் பாத்து முடிச்சிடலாம்," என்றார். "உமக்கு மோட்டல்ல அறை எடுத்திருக்கிறன். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கினம். அந்த மணம் உமக்கு ஒத்துவராது."

"இல்லை" என்பதை ஞாயிறுவரை ஒத்திவைப்பதில் நட்டமில்லை என்று சந்திரவதனா நினைத்தாள்.

(* ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். டார்லிங் ஆற்றுக்கு மேற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொன்னால் நீங்கள் வரைபடத்தை எடுப்பீர்கள், பிறகு கதையைத் தேடவேண்டி வரும்.)

3

இலக்கம் ஒன்று: ஏரி. சனி காலை ஆறரை.

கார் ஒரு மணல்மேட்டில் ஏறி நின்றது. அவள் கதவைத் திறந்து இறங்கினாள். பிறகு கதவைச் சாத்த மறந்துபோனாள்.

"இஞ்சாருங்கோ, இது கடலோ?"

"ஏரி. போன வருஷம் இதுக்குள்ள கார் ஓடினவை."

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. வெடித்துக் கிடந்த தரையில் இப்போது எதிர்க்கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர். அதன்மேல் கூழைக்கடாக்கள். ஆயிரமா, பத்தாயிரமா, எண்ண முடியாது. கடலோரத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் பறந்து வந்திருந்தன. தண்ணீருக்குள் நின்ற பட்டமரங்களில் நீர்க்காகங்கள் கூடு கட்டிக்கொண்டிருந்தன.

"இதுகளுக்கு ஆர் போய்ச் சொன்னது, இஞ்ச தண்ணி வந்திட்டுது எண்டு?"

"தெரியாது, சந்திரா. இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது."

(இந்த இடத்தில் ஆறு பெயரடைகளை எழுதி ஆறையும் வெட்டினேன். ஒவ்வொன்றும் ஏரியைச் சிறிதாக்கியது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்: கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பியது. அவள் நெஞ்சில் கை வைத்தாள்.)

உலகம் தன்னிடம் கேட்காமலே இவ்வளவு செய்துகொண்டிருக்கிறதே என்று அவளுக்கு இருந்தது. திரும்பும் வழியில் அவர் கொண்டுவந்த பாணையும் சம்பலையும் இருவரும் சாப்பிட்டார்கள். அந்தக் காலைவேளை தனக்குச் சந்தோஷமாக இருந்ததை அவள் தனக்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

4

இரண்டையும் மூன்றையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நான்குக்கு இடம் வேண்டும். இரண்டு: ஓப்பல் கல் தோண்டுகிறவர்கள் வெயிலுக்குத் தப்பப் பூமிக்குள் குடைந்த வீடுகள். வெளியே அனல், உள்ளே மண்பானைத் தண்ணீரின் குளிர்மை. மூன்று: அந்தக் காலத்தில் இந்தப் பாலைவனத்தில் சரக்கு ஏற்றிப்போன முஸ்லிம் ஒட்டகக்காரர்கள் தகரத்தால் கட்டிய சின்னத் தொழுகைக் கூடம். காற்றில் தகரம் படபடத்தது. உள்ளே ஒரு பாய் சுருட்டிச் சாத்தியிருந்தது.

நான்கு: கைகள்.

அங்கே கேதீஸ்வரன் தனியாகக் கூட்டிப்போகவில்லை. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் ரூபி கூட வந்தாள். அது இந்த மண்ணின் ஆதிக்குடிகளான அவளுடைய ஆட்களின் இடம். பெரியவர்களிடம் கேட்டு, எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று அறிந்துகொண்டு வந்திருந்தாள். (ரூபி பேசியது ஆங்கிலம். நான் தமிழாக்கினால் அவள் என் மாமியைப்போலப் பேசத் தொடங்கிவிடுகிறாள். ஆகவே கொஞ்சமாகத்தான் பேசவிடுகிறேன்.)

பாறை கவிந்திருந்த இடத்துக்குக் கிட்டே வந்ததும் சந்திரவதனா யோசிக்காமலே செருப்பைக் கழற்றினாள்.

"போட்டுக்கொள். முள் இருக்கிறது," என்றாள் ரூபி.

"எங்கள் பக்கத்தில் இப்படியான இடத்தில் போடமாட்டோம்."

ரூபி முன்னால் போனாள். "சரி, என் பின்னாலே வா. நான் மிதிக்கிற இடத்தில் மிதி."

பாறைச் சுவர் முழுவதும் கைகள். கையைப் பாறையில் வைத்து, வாயில் கரைத்த காவி மண்ணை ஊதி, கையை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் வடிவம். பெரிய கை, விரல் வளைந்த கை, கீழே ஒரு குழந்தைக் கை. அந்தக் குழந்தையை யாரோ இடுப்பில் பிடித்துக்கொண்டிருக்கத்தான் வேண்டும். நடுவில் இருந்த ஒன்றுக்கு நேரே சந்திரவதனா தன் கையை நீட்டினாள். தொடவில்லை. ஒரு சாண் காற்று இடையில் இருந்தது. அளவு சரியாக இருந்தது.

"எவ்வளவு காலத்துக்கு முன்னால் இங்கே இருந்தார்கள்?" என்று கேட்டாள்.

"இருந்தார்கள் என்று சொல்லாதே," என்றாள் ரூபி. "நான் நிற்கிறேனே."

சந்திரவதனாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. அவள் அழுவதை இருவருமே பார்க்காததுபோல நின்றார்கள்.

5

இங்கே ஒரு சிக்கல். எனக்குக் கேதீஸ்வரன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. முதல் பிரதியில் அவர் மிக நல்லவராக இருந்தார். மனைவிக்கு அதிசயம் காட்டும் கணவரை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் சம்மதம் வாங்கப் பறவைகளைக் காட்டுவதும் ஒருவகை இலஞ்சம்தானே. இதை நான் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.

ஞாயிறு பின்னேரம். ஐந்தாவது, புகைபோக்கி மட்டும் மிஞ்சிய பழைய சுரங்க ஊர், முடிந்திருந்தது. ஆறாவது, சிவப்பு மணற்குன்று. உச்சியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே பூமி நான்கு பக்கமும் போய்க்கொண்டே இருந்தது, தடுக்க ஒரு வேலிகூட இல்லை. ஏழாவது, வானம். அதற்கு இன்னும் இருட்டவேண்டும்.

"என்ன சொல்லுறீர்?" என்றார் கேதீஸ்வரன்.

வாயில் வைத்திருந்த "இல்லை"யைத் தேடினாள். அது ஏரிக்கரையிலேயே எங்கோ விழுந்துவிட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"இந்த இடத்துக்கு ஓம் எண்டு இப்பவே சொல்லுவன்," என்றாள். "ஆனா நான் இருக்கப்போறது ஏரியோட இல்லை, உங்களோட. ஆறு இடம் காட்டிப்போட்டியள். நீங்கள் இருக்கிற இடத்தைக் காட்டேல்லை."

"பெயின்ட்..."

"காலமை உங்கட வீட்டுத் தெருவாலதான் வந்தனாங்கள். ஒருத்தரும் பெயின்ட் அடிக்கேல்லை."

6

(முடிவு அ: வீடு பளிச்சென்று இருக்கிறது. அவளுக்காகத் திரைச்சீலைகூட வாங்கி வைத்திருக்கிறார். பொய். அப்படியென்றால் ஏன் ஒளித்தார்?

முடிவு ஆ: உள்ளே வேறொரு பெண்ணின் துணி காய்கிறது. விமலா வெங்காயத்தோடு என்னையும் சேர்த்து அரிந்துவிடுவாள்.)

விமலா சொன்னது இது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பலகை வீடு. அவர் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் படியிலேயே நின்றார். அவள் உள்ளே போனாள். குசினியில் ஒரு கோப்பை, ஒரு பீங்கான், ஒரு கரண்டி, மூன்றும் கழுவிக் கவிழ்த்திருந்தன. அவள் அனுப்பிய கடிதங்கள் அடுக்காக மேசையில் இருந்தன. நாலு பேர் உட்காரக்கூடிய மேசை. அவள் வாசலுக்குத் திரும்பி வந்தாள்.

"ஒரு கதிரைதான் கிடக்கு."

"ஓம்."

"எட்டு மாசமாவோ?"

"ஒராள்தானே," என்றார் கேதீஸ்வரன். "இன்னொண்டு வாங்கி வெச்சா, அது சும்மா கிடக்கிறதைப் பாக்கவேணும்."

அவள் போய் அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள். அவர் உள்ளே வந்து எதிரே நின்றார்.

இந்த இடத்தில்தான் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள்.

7

ஃபோன் போடாததன் காரணம் இதுதான். முடிவு தெரிந்துவிட்டால் ஏரியும் கைகளும் அந்த முடிவுக்கு வழி காட்டும் பலகைகளாகிவிடும். அவை அவளுக்காக வந்தவை அல்ல. அவள் ஓம் என்றாலும் இல்லை என்றாலும் அந்தப் பறவைகள் வந்திருக்கும்.

ஆனால் அவர் அப்படி இல்லை. கையில் தொப்பியோடு, தன் வீட்டிலேயே உட்கார இடமில்லாமல் நிற்கிறார். திங்கட்கிழமை விடிந்தால் பேனாவை நீட்டப்போகிறார்கள். அவள் நிமிர்ந்து அவரைப் பார்க்கிறாள். எழும்புவாளோ, "நாளைக்கு ஒரு கதிரை வாங்குவம்" என்பாளோ, எனக்குத் தெரியாது, நான் எழுதவும் மாட்டேன். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சுருக்காகச் சொல்லுங்கள், அந்த மனுஷன் நின்றுகொண்டிருக்கிறார்.