எலி இல்லாத வீடு

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதற்கு முதல்நாள், அஸர் தொழுகைக்குப் பிறகு, நாய் களஞ்சிய அறைக்குள் புகுந்துவிட்டது.

எங்கள் சாய்ந்தமருதில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்போம். மகள் சிபானாவுக்கு நான் கட்டிய வீட்டில் ஒரு குறையும் இல்லை, ஒரு எலிகூட இல்லையென்று, சம்பந்தம் கொண்டுவந்த உம்முவிடம் என் வாயாலேயே சொல்லியிருந்தேன். நான் எங்கள் குடியின் மரைக்கார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்காகப் பேசுபவன். பள்ளிவாசலில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

அந்த நாய் எங்கள் வீட்டு நாயுமல்ல. மாவடிப்பள்ளி வயலில் காவலுக்கு நின்றது. வெள்ளாமை வெட்டி முடிந்ததும் எங்கள் பின்னாலேயே ஓடிவந்து வீட்டு வளவில் படுத்துக்கொண்டது. துரத்தச் சொன்னேன். சிபானா சோறு வைத்தாள்.

"வாப்பா, இதுட வாயெல்லாம் பச்சைத் தூள்! என்னத்தையோ தின்டுட்டு!"

அந்த நேரம் பார்த்து உம்முவும் அங்கே இருந்தாள்.

"தேங்காப் பால் பருக்கு புள்ள. இல்லாட்டி உப்புத் தண்ணி. எங்கட மாட்டுக்கு அதத்தான் குடுத்த."

"மாடு பிழைச்சதா?" என்றேன்.

"செத்துத்தான் போன. அதுக்கு உப்பு என்ன செய்யும்?"

சிபானா மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தாள்.

"வாய்க்குள்ள ஒண்டும் ஊத்தாதீங்க. நீங்களா வாந்தி எடுக்க வைக்கவும் வேணாம்" என்றார் வைத்தியர். "என்ன தின்டது, எவ்வளவு, எப்ப? அதச் சொல்லுங்க. அதுட உறை, பக்கெற் இருந்தா கொண்டுவாங்க. சுணங்கினா கஷ்டம்."

"எலி மருந்து மாதிரிக் கிடக்கு. வாப்பா, நம்மட ஊட்டுல இருக்கா?"

"எலியே இல்லாத ஊட்டுல எலி மருந்து என்னத்துக்கு?" என்று உம்மு சிரித்தாள்.

பக்கெற் நான் போட்டிருந்த சேட்டின் பையில் இருந்தது. விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் போகுமுன், யாருக்கும் தெரியாமல், அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் நான்தான் மருந்தை வைத்தேன். குப்பையில் போட்டால் யாராவது பார்ப்பார்களென்று உறையைப் பையில் வைத்துக்கொண்டேன். இப்போது நாய் என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அறிவுகெட்ட பிராணி.

மரைக்கார் வீட்டில் எலி இருக்கலாம். மரைக்கார் பொய் சொல்லக்கூடாது.

"இந்தா பக்கெற். நாலு கட்டி வச்ச. தின்டு அரை மணித்தியாலம்தான் இருக்கும்."

"அப்ப எலி..." என்றாள் உம்மு.

"இருக்கு. போய்ச் சொல்லு."

முச்சக்கர வண்டிக்காரன் முகம் சுளித்தான். "மரைக்கார், நாய்ட எச்சில் சீற்றுல பட்டா..."

"மார்க்கத்துல சொன்னபடி ஏழு தரம் நானே கழுவித் தாறன். நீ ஓட்டு."

வெள்ளைச் சாரன் மடியில் நாயோடு பள்ளிவாசலைக் கடந்தேன். ஊரே பார்த்தது. வைத்தியர் வாந்திக்கு ஊசி போட்டதும் நாய் பச்சைப் பச்சையாகக் கக்கியது, பாதி என் காலில்.

"உங்கட நாயா?"

"ஓம்."

ஒரு மாதம் குளிசை விழுங்க வேண்டும். பல் முரசில் இரத்தம் கசிகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். கட்டிப்போட்டு வைக்க வேண்டும்.

ஆகவே மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது வாசல் தூணில் கட்டுண்டு நாய் நின்றது. அவர்கள் தேநீரைக் கையில் எடுக்கவும் மேலே முகட்டில் கடகடவென்று ஓட்டம். எல்லோரும் அண்ணாந்தார்கள்.

"எலி" என்றேன். "மருந்த நாய் தின்டுட்டு."

மாப்பிள்ளையின் வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"குளிசைய மீனுக்குள்ள வச்சுக் குடுங்க மரைக்கார். எங்கட நாயும் சும்மா குடுத்தாத் துப்பிரும்."

அவர்கள் வீட்டிலும் நாய் இருப்பதை உம்மு என்னிடம் சொல்லவேயில்லை.