வெர்னருக்கு ஒரு தோட்டாப் பொறி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தேழு ஒக்டோபரில், ஒரு சனிக்கிழமை, ஆரா நகரில் உள்ள துப்பாக்கிக் கடையொன்றில், எனக்குத் தெரிந்த கலாவதி என்ற பெண்ணுக்காக ஜெர்மன் பேசப் போனேன். அங்கே நான் சொன்ன ஒரு பதில்தான் இதை எழுத வைக்கிறது. அதற்கு வர எனக்குக் கொஞ்சம் நேரமாகும். குடும்பக் கதை எழுதிப் பழகியவள் நான்; மாமி, மச்சாள் எல்லாரையும் தாண்டித்தான் விசயத்துக்கு வருவேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கலாவதியின் கண்களில் காதல் மின்ன—

அடித்துவிட்டேன். அன்று அவளுடைய கண்களில் இருந்தது நித்திரைக் குறைவு. என் கண்களிலும் அதுதான். ஓர்லிகோனில் விடியற்காலையில் நாலு மாடி அலுவலகம் கூட்டித் துடைத்துவிட்டு ரயில் ஏறியிருந்தேன்.

2

கலாவதி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினாள். அங்கே கொதிகலன் திருத்த வந்த வெர்னரைக் கலியாணம் செய்து ஆராவுக்கு வந்தாள். (முன்பென்றால் இதை மட்டுமே நான் பதினெட்டு அத்தியாயம் எழுதியிருப்பேன்.)

வந்த முதல் இலையுதிர் காலத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, வீட்டுக்குப் பின்னால் இருந்த மலைப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. ஊர்ச் சங்கத்தார் குறிபார்த்துச் சுடும் இடம் அது. வெர்னரும் அந்தச் சங்கத்தில் ஓர் ஆள். மாலையில் அவர் வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. கலாவதி கட்டிலுக்குக் கீழே கிடந்தாள்.

அதற்குப் பிறகு அவர் சுடப் போகவில்லை. தன் ரிவோல்வரைச் சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். சனிக்கிழமைகளில் வெடி தொடங்கியதும் எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். இரண்டு வருசம் இப்படி.

(வெர்னரில் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்ல புருசனை வாசகர் நம்பமாட்டார்கள், ஒரு கெட்ட பழக்கம் வேண்டும் என்று கலாவதியிடம் கேட்டேன். "குறட்டை விடுவார் அக்கா, ரயில் மாதிரி. அதை எழுதுங்கோ" என்றாள்.)

"அவருக்கு நாலே நாலு சிநேகிதர். நாலு பேரும் அந்தச் சங்கத்திலைதான்," என்றாள் கலாவதி. "இப்ப ஆரோடையும் கதைக்கிறேல்லை. என்னோடையும் குறைஞ்சு போச்சு."

நிலவறையில் இரண்டு பிஸ்கட் டின் நிறையப் பித்தளைக் கோதுகளைக் கண்டிருக்கிறாள். சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகள். அவற்றில் புதிதாக மருந்தும் ரவையும் வைத்துத் திரும்பவும் தோட்டாவாக்க ஒரு பொறி உண்டு. முன்பு வெர்னர் சங்கத்தில் இரவல் வாங்கிச் செய்வாராம். பிறந்தநாளுக்கு அவருக்குச் சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுத்தால், திரும்பவும் சங்கத்துக்குப் போங்கோ என்று வாயால் சொல்லத் தேவையில்லை என்பது அவள் கணக்கு.

"சத்தத்தை நீ தாங்குவியோ?" என்று கேட்டேன்.

"தெரியாது. அவர் இப்பிடிக் குந்திக்கொண்டு இருக்கிறதைத் தாங்கேலாது. அது தெரியும்."

3

கையில் இருநூறு பிராங். கடைக்காரர் இரண்டு பொறிகளை மேசையில் வைத்தார். ஒன்று புதிய அலுமினியம். பெட்டியோடு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மற்றது யாரோ கிழவர் பாவித்த இரும்பு, நூற்றெண்பது.

கலாவதி கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தாள். இரண்டின் கைபிடியையும் மாறி மாறி இழுத்துப் பார்த்தாள். இடியப்ப உரல் வாங்கும்போது பிழிந்து பார்ப்பதுபோல முழங்கையைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள்.

"இந்த அலுமினியம் நாலு நாளிலை வளைஞ்சு சொத்தியாப் போடும். மா இறுகினால் உரல்தான் முதல்லை வெடிக்கிறது. எங்கடை வீட்டிலை மூண்டு வெடிச்சது."

"என்ன சொல்கிறார்?" என்றார் கடைக்காரர்.

"யோசிக்கிறாராம்," என்றேன்.

"இரும்பு நல்லது அக்கா. இழுக்கத் தோள் நோகேல்லை. அவருக்கும் வயசு வருகுது."

கடைக்காரர் அவளை மரியாதையோடு பார்த்தார். பிறகு என்னிடம் ஒன்று சொன்னார்.

4

இந்தப் பகுதியை மூன்று முறை எழுதாமல் விட்டேன்.

கடைக்காரர் சொன்னது இது: "இந்த இரும்புக்குத் தோட்டா அச்சு தனி, அது இன்னொரு தொண்ணூறு பிராங். அலுமினியப் பெட்டியில் எல்லாம் சேர்ந்தே இருக்கிறது. அச்சையும் எடுத்து வைக்கட்டுமா?"

எனக்குக் கால் உளைந்தது. மூன்றே முக்கால் ரயிலைப் பிடிக்க வேண்டும். விற்பவர்கள் எப்போதும் இன்னொன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். கலாவதியிடம் கேட்காமலே, "வேண்டாம்," என்றேன்.

கதையில் எத்தனையோ வாக்கியத்தைப் பாதியில் விட்டிருக்கிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது ஒன்றை—

5

பிறந்தநாள் புதன்கிழமை. இரவு கலாவதி தொலைபேசியில் சொன்னாள். வெர்னர் பெட்டியைத் திறந்து, இரும்பை நெடுநேரம் தடவிப் பார்த்தாராம். பிறகு, அச்சு எங்கே, அது இல்லாமல் தோட்டா வராதே என்றாராம்.

"உரலெண்டால் அச்சோடைதானே அக்கா வரும்? நான் ஒரு மொக்கு. கையிலை காசும் முடிஞ்சுது."

"அவர் என்ன சொன்னவர்?"

"குசினி மேசையிலை வைச்சு முறுக்கிப் பூட்டினார். பூட்டிப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டார்."

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. களைப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

பதிலாக இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வெர்னர் அச்சு வாங்கி வந்து அவளை அணைக்கிறார். என் வழமையான வாசகிகள் கண் துடைப்பார்கள். மற்றதில் பொறியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து ரேடியோவைக் கூட்டி வைக்கிறார். இரண்டையும் கிழித்தேன். இரண்டிலும் நான் இல்லை.

6

அந்தச் சனிக்கிழமை திரும்பவும் ஆராவுக்குப் போனேன். வெர்னர் காலையிலேயே வெளியே போயிருந்தார். எங்கே என்று சொல்லவில்லை. குசினி மேசையில், துருவிய தேங்காய்ப்பூ நிரம்பிய கோப்பைக்குப் பக்கத்தில், இரும்புப் பொறி நின்றது. கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைக்காரர் சொன்னதை முழுவதும் சொன்னேன்.

கலாவதி தேங்காய்ப்பூவை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அப்ப நான் அலுமினியத்தை எடுத்திருப்பன்," என்றாள்.

"ஓம்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"ஓம்."

"இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

தண்ணீர் கொதிக்கும் முன்பே இரண்டு மணியாயிற்று. மலைப்பக்கம் முதல் வெடி கேட்டது. ரேடியோவைக் கூட்டி வைக்க வீட்டில் ஆள் இல்லை. நான் எழப் பார்த்தேன். "வேண்டாம்," என்று கலாவதி கதிரையில் இருந்துகொண்டாள். பொறியின் கைபிடியை இரண்டு கையாலும் பற்றினாள். அடுத்த வெடி. அடுத்தது. அடுப்பில் தண்ணீர்க் கேத்தில் ஆவி விட்டுக்கொண்டே இருந்தது.

கதவில் சாவி திரும்பியது. வெர்னர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவளைப் பார்த்தார், அவள் கைகளைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பைக்குள் கையை விட்டு—

எடுத்தது அச்சா, வேறெதுவா, இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. இந்த வீட்டுக்காக ஒருமுறை நானே பதில் சொல்லிவிட்டேன், அது போதும். என் கதிரையில், வாசகரே, நீங்கள் இருங்கள். அடுப்பை மட்டும் நிற்பாட்டிவிட்டு நான் ரயிலுக்குப் போகிறேன். மலைப்பக்கம் இன்னும் சுடுகிறார்கள். கலாவதி எழும்பவில்லை.