உதடு ஒட்டாச் சொல்

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, தக்காளிக்காரி தன் தோட்டத்தில் தெளித்த மருந்து இலைகளின்மீது இறங்காமல், சென்ற ஆண்டு இறந்துபோன அவள் கணவனின் உருவில் பாத்திகளுக்கு நடுவே எழுந்து நின்றது. அதைப்பற்றி ஊரில் எவருக்கும் குறையில்லை. இறந்தவர் தம் தோட்டத்தில் வந்து நிற்பதைத் தடுக்கச் சட்டம் ஏதும் இல்லை. குறையெல்லாம் 'மருந்து' என்னும் சொல்லைப்பற்றியதுதான். கொல்வதற்கென்றே காய்ச்சி, மண்டையோட்டுப் படம் ஒட்டி விற்கப்படும் ஒன்றை மருந்து என்று அழைப்பது எந்த இலக்கணம்? செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். அதில் ஒரு பண்பு இருக்கிறது. கொல்வதை மருந்து என்பது மங்கலம் அன்று, பிழை. அந்தப் பிழைதான் அவள் கணவனைக் கொன்றது.

அவன் முதுகில் சுமந்த பழைய கைப்பம்புத் தெளிப்பானின் மூடியில் ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருந்தது. அவன் குனியும்போதெல்லாம் கொஞ்சம் வழிந்து சட்டையின் முதுகை நனைக்கும். காற்று முகத்துக்கு எதிராக வீசினாலும் நிறுத்தமாட்டான். நாசில் என்று எல்லாரும் அழைக்கும் முனை அடைத்துக்கொண்டால், அதைக் கழற்றிச் சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, உதடுகளுக்கிடையில் வைத்து ஊதுவான். "வாயில வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்று அவள் சலித்துக்கொள்வாள். "மருந்துதானேடி. ஒடம்புக்கு நல்லது" என்று சிரிப்பான். கேலியாகச் சொன்னதுதான்; ஆனாலும் அந்தச் சொல்லின் நிழலில் நம்பி ஒதுங்கியவன் சொன்ன கேலி அது. இருமலுக்குக் குடிப்பதும் புண்ணுக்குத் தடவுவதும் செடிக்கு அடிப்பதும் ஒரே பெயரில் வழங்கும்போது நாக்கு எதைக் கண்டு அஞ்சும்? முதலில் கை நடுங்கியது. பிறகு பார்வை மங்கியது. பிறகு ஒருநாள் நல்ல வெயிலில், கழற்றிய முனை கையிலிருக்க, தெளிப்பானோடு வரப்பில் சாய்ந்தான். துக்கம் கேட்க வந்தவர்கள்கூட "மருந்து ஏறிடுச்சாம்" என்றே சொல்லிக்கொண்டு போனார்கள். அத்தொடரின் அபத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை.

விழுந்ததில் தெளிப்பானும் விரிசல்கண்டதால் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று; இந்த ஆண்டு இலைகளில் புழுக்கள் வெள்ளைக் கோடுகளை இழுக்கத் தொடங்கியிருந்தன. கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு அவள் கருவிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் கையால் அடிப்பது, பேட்டரியில் ஓடுவது, இன்ஜின் வைத்தது என எல்லாவற்றையும் தரையில் வரிசையாக நிறுத்தினார்.

"இன்ஜின் வச்சதை எடுங்க அண்ணி. பொகை மாதிரி அடிக்கும்" என்றான் கொழுந்தன்.

"பொகை மாதிரி அடிச்சா பொகை போற எடத்துக்குத்தான் தம்பி போகும். பூச்சி எலையில இருக்கு, மேகத்துல இல்ல" என்ற கடைக்காரர், பேட்டரித் தெளிப்பானை முன்னே தள்ளி, கையுறையையும் முகமூடியையும் அதன்மேல் வைத்தார்.

"மருந்தடிக்கப் போறோமா, கொள்ளையடிக்கப் போறோமா? மூஞ்சியை மூடிக்கிட்டு" என்றான் கொழுந்தன். அவளும் சிரித்துவிட்டாள். முகமூடி கடையின் ஆணிக்கே திரும்பிப் போயிற்று.

பேட்டரித் தெளிப்பானை முதன்முதலாக முதுகில் மாட்டிய காலையில்தான் கணவன் வந்தான். அவள் பயப்படவில்லை. "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள். விசையை விட்டதும் கலைந்தான்; அழுத்தியதும் கூடினான். கடைக்காரர் கூடவே கொடுத்திருந்த முனைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. பெரிய துளையுள்ள முனையில் துளி கனத்து மழைபோல விழுந்தது. அதில் அவனுடைய முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிந்தது. துளி சிறுக்கச் சிறுக்க இடுப்பும் மார்பும் வந்தன. கண்கள் மட்டும் வரவில்லை. அவள் வண்டி பிடித்துக் கடைக்குப் போய், பேட்டரித் தெளிப்பானைக் கொடுத்து இன்ஜின் தெளிப்பானை மாற்றிக்கொண்டு வந்தாள். அதன் புகையில் அவன் முழுமையாக நின்றான்: கன்னத்து மச்சம், சவரத்தில் விட்டுப்போன மயிர், முதுகில் நனைந்த சட்டை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்து, வாய்க்கால் தண்ணீரைப்பற்றிய பழைய தகராறை விட்ட இடத்திலிருந்து அவனோடு தொடர்ந்தார்; பதில் வராததால் தாமே வென்றதாக ஊருக்குள் சொல்லிக்கொண்டார்.

புழு ஒழிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. தேனீக்கள் தோட்டத்தைக் கைவிட்டன. பூக்கள் காயாகாமல் உதிர்ந்தன. அவளுக்கு அது பொருட்டாகவே இல்லை, ஏனென்றால் அவன் வாயை அசைக்கத் தொடங்கியிருந்தான். குரல் எழவில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான். 'வா' என்றுதான் சொல்கிறான் என்று அவள் முடிவுசெய்து, நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம் புகைக்குள் நடந்தாள். கை நடுங்கியது, முதுமை என்றாள். பார்வை மங்கியது; அழுகை என்றாள்.

வெளியூரில் தறிக்கூடத்தில் வேலைசெய்த மகள் விடுப்பில் வந்தபோது, தாயின் கையிலிருந்த தேநீர்க் குவளை தட்டில் தந்தியடித்துக்கொண்டிருந்தது. மகள் துண்டை நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தாயின் பின்னாலேயே தோட்டத்துக்குப் போனாள். தறிகளின் இரைச்சலில் எவர் பேச்சும் எவர் காதிலும் விழாது. அங்கே வேலைசெய்பவர்கள் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள்.

"வான்னுதானேடி கூப்பிடுறாரு?" என்று புகையில் எழுந்து நின்றவனைக் காட்டினாள் தாய்.

"வான்னா மேல்பல்லு கீழ் ஒதட்டுல படணும்மா. படல."

"அப்ப மருந்துன்னு சொல்றாரோ? மருந்து போதலைன்னு?"

"அதுக்கு ரெண்டு ஒதடும் ஒட்டணும். ஒரு தடவைகூட ஒட்டலையே. நாக்கு நுனி பல்லுக்குப் பின்னாடி போகுது பாரு. அப்புறம் மேல ஏறுது."

தக்காளிக்காரி தன் நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்து, உதடுகளைத் திறந்தபடியே, சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தாள். நட என்றாள், நில் என்றாள். அவன் தலையை அசைத்துவிட்டு மீண்டும் தொடங்கினான். கடைசியில், அந்த வீட்டில் எவரும் ஒருநாளும் வழங்கியிராத சொல் அவள் வாயில் தானாக அமைந்தது.

"நஞ்சு" என்றாள்.

அத்தனை நாளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தவன் வாயை மூடினான். உதடுகள் ஒட்டின.

மறுநாள் இன்ஜின் தெளிப்பானைக் கடைக்காரரின் முன் இறக்கி வைத்துவிட்டு, பேட்டரித் தெளிப்பானையே கேட்டாள். துளி கனமாக விழும் முனையாகப் பார்த்து எடுத்தாள். ஆணியிலிருந்த முகமூடியைத் தானே கழற்றிக்கொண்டாள். கூடவே வந்திருந்த கொழுந்தன் தயங்கினான். "அதுல அண்ணன் மொகம் தெரியாதே அண்ணி."

"தெரியலைன்னா போகட்டும் தம்பி" என்றவள், வாசலில் நின்ற மகளைக் காட்டினாள். "இவ கண்ணுக்கு நான் தெரியணும்."

இப்போது புழு கண்டால் மட்டும் தெளிக்கிறாள். காற்றுக்கு முதுகைக் காட்டி நடக்கிறாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள் பாத்தியில் அவளுக்கு முன்னே நடக்கின்றன. காற்று திசைமாறினால் அவை நின்றுவிடுகின்றன; அவளும் நின்றுவிடுகிறாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அந்தக் கால்கள் நிற்பதைப் பார்த்துத்தான் தம் தெளிப்பானையும் நிறுத்துகிறார். தகராறு அப்படியே இருக்கிறது.

பூச்சிக்கு அடிப்பதை நீங்கள் உங்கள் வீட்டில் இதுவரை எப்படி அழைத்துவந்தீர்களோ, இனி அப்படி அழைக்கக்கூடாது. நாளை உங்கள் தெளிப்பானின் முனையும் அடைத்துக்கொள்ளும். கை பழக்கத்தில் அதை வாயருகே கொண்டுபோகும். அந்த நொடியில் அதில் வழிவதன் சரியான பெயரை உரக்கச் சொல்லுங்கள். அதைச் சொல்லும் உதடுகள் எதன்மீதும் மூடா.