ஏழாவது தூண், மூன்றாவது வரி

“ஒனக்கு எழுத்தெல்லாம் அசையாம நிக்குதாக்கா?”

வீரமுத்து ஒருநாள் என்னிடம் கேட்டான். நான் மடப்பள்ளிக்குப் பின்னால் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டான்.

“நிக்குதே. ஒனக்கு?”

“ஈசல் மாதிரி பறக்குது. ஒன்னப் புடிச்சா இன்னொன்னு போயிடுது.”

வருத்தமாகச் சொல்லவில்லை. வெளியே மழை தூறுகிறது என்பதுபோலச் சொன்னான்.

கொள்ளிடத்தில் பெரிய வெள்ளம் வந்த மறு வருஷம் அது. எங்கள் ஊர்க் கோயிலுக்குள் ஒரு தேவாரப் பாடசாலை நடந்தது. பன்னிரண்டு பையன்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். என் அம்மா கமலவேணி அவர்களுக்குச் சமைத்தாள். எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்து பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்ட நான், அம்மாவுக்கு ஒத்தாசை. வீரமுத்துவுக்குப் பதினோரு வயது. தகப்பன் இல்லை. பாடசாலையில் பெயரை அடித்துவிட்டால், மாமனோடு ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போகவேண்டியதுதான்.

ஓதுவார் ராசாங்கம் சார் ஒவ்வொரு வரியாகப் பாடுவார். பையன்கள் திருப்பிப் பாடுவார்கள். அதில் வீரமுத்துவின் குரல்தான் மேலே கேட்கும். ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் கடைசி வரி வந்ததும் குதிகாலைத் தூக்கி எம்பி நிற்பான்.

“டேய், காலக் கீழ வையிடா! சாமி முன்னாடி என்ன கூத்து?”

பிரம்பு கணுக்காலில் விழும். அடுத்த பாட்டிலும் எம்புவான்.

ஏன் என்று ஒரு மத்தியானம் எனக்குத் தெரிந்தது. எல்லோரும் படுத்துக் கிடந்தார்கள். அவன் மட்டும் பிராகாரத்தில் தூண் தூணாகப் பாடிக்கொண்டு போனான். ஒரு தூணுக்கு ஒரு பாட்டு. அடியில் இருக்கும் சதுரத்தில் கை வைத்தால் முதல் வரி. அதற்குமேல் எட்டுப் பட்டையில் இரண்டாவது. நடுச் சதுரத்தில் மூன்றாவது. நாலாவது வரி உச்சியில் இருந்தது. எம்பினால்தான் அவன் விரலுக்கு எட்டும்.

பக்கத்துக்குப் பதினோரு தூண். பதிகத்துக்குப் பதினோரு பாட்டு. தெற்குப் பக்கம் முடிந்து மேற்கே திரும்பினால் அடுத்த பதிகம். எனக்குக் கையெல்லாம் புல்லரித்துப்போனது. சின்னப் பிள்ளையிலிருந்து அந்தத் தூண்களைச் சுற்றிக் கூட்டுகிறேன். வெறும் கல் என்றுதான் நினைத்திருந்தேன்.

“நாலு பக்கமும் ரொம்பிப்போச்சுக்கா” என்றான். “அரியலூர்க் கோயில்ல எத்தன தூணு இருக்கும்?”

மாசி மாதம் பரீட்சை. அரியலூரிலிருந்து பரீட்சை வைக்கிற உத்திராபதி ஐயா பஸ்ஸில் வந்தார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கத் தெரியாதவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். பாடசாலை அறையில் பாயில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நான் மோர்ச் செம்போடு வாசலில் நின்றேன். அங்கிருந்து தெற்குப் பிராகாரம் கடைசிவரை தெரியும்.

“முதல் பதிகம், ஏழாவது பாட்டு, மூணாவது வரியிலேர்ந்து. பாத்துப் படி.”

வீரமுத்து புத்தகத்தைக் கிட்டே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான். உதடு அசையவில்லை.

“வாயில கொழுக்கட்டையாடா?” பின்னாலிருந்து ஒருவன் கிசுகிசுத்தான். பையன்கள் சிரித்தார்கள். உத்திராபதி ஐயா பேனா மூடியைக் கழற்றினார்.

வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கால்தான் நடந்தது. தூண்களை எண்ணிக்கொண்டே போய், ஏழாவது தூணின் நடுச் சதுரத்தில் கை வைத்து நின்றேன்.

அறைக்குள்ளிருந்து வீரமுத்து வாசல் வழியாக என் கையைப் பார்த்தான். குரல் எழுந்தது. மூன்றாவது வரி. நாலாவது. பிறகு எட்டாவது பாட்டு.

“நிறுத்து!” ஐயா எழுந்து வெளியே வந்தார். “யாரும்மா நீ? சைகை காட்டுறியா? ஏன் ஓதுவாரே, ஆள் வச்சுக் காப்பி அடிக்கிறதுக்குப் பேரு பாடசாலையா?”

ராசாங்கம் சார் தலையைக் குனிந்துகொண்டார். என்னால்தான் அவன் பெயர் போகப்போகிறது என்று நினைத்தேன்.

“எனக்கு ஒரு பாட்டும் தெரியாதுங்கய்யா” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அது அவன் வச்ச எடங்க. அங்க கை வச்சா அந்த வரி இருக்கும்.”

“கல்லுலயா? சரிதான்!”

சிரித்துக்கொண்டே மேற்குப் பக்கம் போனார். ஏதோ ஒரு தூணின் எட்டுப் பட்டையை விரல் முட்டியால் தட்டினார். “இங்க என்னடா இருக்கு?”

வீரமுத்து உள்ளங்கையை வைத்தான். பாடினான். வடக்குப் பக்கம் ஒரு தூணைக் காட்டினார். அவன் குனிந்து அடிச் சதுரத்தைத் தொட்டுப் பாடினான். ஐயாவின் சிரிப்பு எங்கேயோ நின்றுபோனது. அந்தப் பக்கத்தின் கடைசித் தூணுக்கு அவனைக் கூட்டிப்போனார்.

“மேலேர்ந்து கீழ வா, பாப்போம்.”

அவன் எம்பி உச்சியைத் தொட்டான். கடைசி வரியைப் பாடினான். கையைக் கீழே இறக்க இறக்க மூன்றாவது, இரண்டாவது, முதல் வரி. பிறகு முந்தின தூண். இப்படியே பதினோராம் பாட்டிலிருந்து முதல் பாட்டுவரை ஒரு சொல் பிசகாமல் பின்னோக்கிப் பாடிக்கொண்டு வந்தான். தூணெல்லாம் அவனுக்காகவே இத்தனை நூறு வருஷமாக நின்றது போல எனக்குத் தோன்றியது.

“நாப்பது வருஷமாப் பாடுறேங்கய்யா, என்னால முடியாது” என்றார் ராசாங்கம் சார். அவர் கண் பையனுடைய கணுக்காலில் இருந்தது.

உத்திராபதி ஐயா திரும்பி நடந்தார். அறைக்குள் போனார். திறந்த பேனா பையன்கள் பெயர் எழுதிய நோட்டின் மேலேயே கிடந்தது. வீரமுத்துவின் பெயரை வெகுநேரம் பார்த்தார். பேனாவை எடுத்து மூடியைப் போட்டுச் சட்டைப்பையில் செருகினார். நோட்டை மூடி ஓதுவாரிடம் நீட்டினார். நான் கொண்டுவந்த மோரைத் தொடவில்லை.

பையோடும் குடையோடும் நடந்தவர் வாசலுக்கு முந்தின தூணில் நின்றார். இரண்டையும் கீழே வைத்தார். வலது கையை உச்சிவரை நீட்டினார். அவருக்கு எம்பாமலே எட்டும்; இருந்தும் வெடித்துக் கிடந்த குதிகால்கள் மெல்லத் தரையைவிட்டு எழும்பின.

பிறகு பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.