நாரைத்தாங்கலில் ஊதிய சங்கு

அருள்தாஸ் ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் தரப் பரிசோதனை பார்த்தவர். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. இட்லி ஒரு பக்கம் சரிந்திருந்தால் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ‘ரிஜெக்ட்’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். எதிரே மனைவி ரோஸி கரண்டியோடு நிற்பதைக் கண்டதும், இட்லியோடு சேர்த்து அந்தச் சொல்லையும் விழுங்கிவிடுவார்.

இப்படிப்பட்டவரை நாரைத்தாங்கல் பாதுகாப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

நாரைத்தாங்கல் என்பது திருமுல்லைவாயில் பக்கம் உள்ள சின்ன ஏரி. மார்கழி, தை மாதங்களில் பை போன்ற அலகுள்ள கூழைக்கடாப் பறவைகள் வந்து இறங்கும். அவற்றைப் பார்க்க முகப்பேரிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஜனம் வரும். போன வருடம் வந்த கூட்டம் கரையோரக் கோரையையெல்லாம் மிதித்துத் துவைத்ததில், தாழைக்கோழிகள் கூடு கட்ட இடமில்லாமல் போயின. அதனால் இந்த வருடம் ஒரு விதி: ஒரு தடவைக்கு அறுபது பேர், ஒரு மணி நேரம். டோக்கன் உண்டு.

விதி நல்ல விதிதான். ஆனால் ஒரு மணி நேரம் ஆனதும் உள்ளே போனவர்கள் வெளியே வர வேண்டாமா?

அருள்தாஸ் யோசித்தார். தொழிற்சாலையில் பத்தாயிரம் பேர் எப்படி வெளியே வந்தார்கள்? சங்கு ஊதினால் வந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய இரும்புக் கடை ஒன்றில் ஆலைச் சங்கு ஒன்றைப் பிடித்தார். வாசலில் கம்பம் நட்டார், சுவிட்ச் போட்டார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, திறப்பு விழா செய்யும் அமைச்சரைப் போல அதை அழுத்தினார்.

அவ்வளவுதான். ஏரியே எழுந்து பறந்தது. கூழைக்கடா, நீர்க்காகம், கொக்கு எல்லாம் ஒரே நொடியில் வானத்தில். உள்ளே இருந்த அறுபது பேரோ, “சூப்பர்! சூப்பர்!” என்று செல்போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.

“போக வேண்டியவங்க நிக்கிறாங்கோ, நிக்க வேண்டியது போய்கினே கீது சார்” என்றார் காவலாளி கங்காதரன்.

“பழகிடும்யா. எனக்கே சர்வீஸ்ல முதல் வாரம் காது அடைச்சுது. அப்புறம் பழகலை?”

வீட்டிலும் இதையே சொன்னார். ரோஸி சிரிக்காமல் கேட்டாள்: “நீங்க சம்பளத்துக்காகப் பழகினீங்க. கூழைக்கடாவுக்கு யாருங்க சம்பளம் போடுறது?”

புதன்கிழமைக்குள் ஏரி துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. அன்று சாயங்காலம் தட்சிணாமூர்த்தி போன் செய்தார். அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தவர். இப்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெரியேரிச் சங்கத்தின் தலைவர். அங்கே பிளாஸ்டிக் வாத்துப் படகு உண்டு, கலர் விளக்கு உண்டு, செல்ஃபி எடுக்க டைனோசர் உண்டு.

“இன்னா அருளு, உன் ஆளுங்க மொத்தமும் நம்மாண்ட வந்துட்சே! ஒரு கூழைக்கடா என் வாத்துப் படகையே சுத்தி வருது மாமே. சம்பந்தம் பேசலாமா?”

அருள்தாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா அதிகாரி சபீனா வருகிறார். இரண்டு ஏரிகளையும் பார்த்து, ஒன்றைப் பறவைச் சுற்றுலா இடமாகப் பட்டியலில் சேர்க்கப் போகிறார். சேராத ஏரி மோட்டார் படகுக் குத்தகைக்காரர் கைக்குப் போகும். நாரைத்தாங்கலோ சின்ன ஏரி. அதில் மோட்டார் ஓடினால் அப்புறம் கூழைக்கடாவைக் காலண்டரில்தான் பார்க்க வேண்டும்.

“ஃபியூஸைக் கழட்டிக் குடுங்க” என்று கையை நீட்டினாள் ரோஸி.

“அப்போ ஜனத்தை எப்படி வெளியே கொண்டாறது? விசில் ஊதட்டுமா?”

“ஊதுறதையே விடுங்களேன்! பூசை முடிஞ்சதும் ஃபாதர் போங்க போங்கன்னா யாராவது கோயிலை விட்டு நகர்றாங்களா? எங்க மாதர் சங்கம் வெளியே அடுப்புல வடைச்சட்டியை வெச்சதும்தானே கூட்டம் வாசலுக்கு வருது? போன்னு சொன்னா எவனும் போக மாட்டான். போறதுக்கு ஒரு இடம் காட்டணும்.”

“ஏரிகிட்ட தின்பண்டமா? அதுக்குத் தடை போட்டதே நான்தான்!”

“உள்ளேதானே தடை? அடுப்பு ரோட்டுல. வாழையிலைத் துண்டுல வடை. டோக்கனைத் திருப்பிக் குடுத்தாத்தான் வடை. டோக்கன் போயிட்டா மறுபடி உள்ளே போக முடியாது.”

அருள்தாஸ் அதில் குறை தேடினார். அகப்படவில்லை. அந்த எரிச்சலில் ஃபியூஸைக் கழற்றிக் கொடுத்தார். அது ரோஸியின் கைப்பையில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் போய் அடங்கியது.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்குச் சபீனா வந்தார். கையில் பைனாகுலர், நோட்டு. ஏரியைப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

“பறவைங்க எங்க சார்?”

“வரும் மேடம்” என்றார் அருள்தாஸ். தை மாதக் குளிரிலும் அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

ஏழு மணிக்கு முதல் அறுபது பேர் டோக்கன் வாங்கி உள்ளே போனார்கள். அப்போது தூரத்தில் ‘தும் தும்’ என்று சத்தம் எழுந்தது. பெரியேரியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கும் ஜும்பா உடற்பயிற்சி ஆட்டம். ஆளுயர ஒலிபெருக்கி நான்கு. பாட்டு பத்து நிமிடம் ஓடியிருக்காது, கிழக்கே, பெரியேரிப் பக்கமிருந்து, ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. வரிசையாக வந்து, வயிறு தண்ணீரைத் தேய்க்கச் சறுக்கி இறங்கின கூழைக்கடாக்கள்.

அருள்தாஸ் எண்ணினார். பதினான்கு. “பதினைஞ்சு இருக்கணுமே…” சற்றுப் பொறுத்து ஒன்று தனியாக வந்து விழுந்தது. “லேட் அட்டெண்டன்ஸ்” என்று முணுமுணுத்தார். முகத்தில் அப்போதுதான் களை வந்தது.

எட்டு மணி ஆயிற்று. உள்ளே அறுபது பேரும் அசையவில்லை. பறவை திரும்பி வந்திருக்கிறது, யார் அசைவார்கள்? வாசலில் அடுத்த அறுபது பேர். சபீனா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“உள்ளே கீறவங்க நவுற மாட்றாங்கோ சார். வெளியே கீறவங்க கேட்டைத் தள்ளிகினு கீறாங்கோ” என்றார் கங்காதரன்.

முப்பத்தாறு வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? அருள்தாஸின் விரல் தானாகப் போய் சுவிட்சை அழுத்தியது.

அழுத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். சங்கு ஊதவில்லை. திறந்து பார்த்தால், சாலையோரத்தில் அடுப்புக்கு அந்தப் பக்கம் ரோஸி. ஒரு கையால் கைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டு, மறு கையால் மாவை எண்ணெயில் போட்டாள்.

‘சொய்ங்…’

காற்று கரைப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் பைனாகுலர்காரர் ஒருவர் மூக்கை நிமிர்த்தினார். பிறகு ஒரு குழந்தை அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தது. ஐந்தே நிமிடத்தில் அறுபது பேரும் டோக்கனை நீட்டியபடி ரோஸி முன்னால் வரிசையில் நின்றார்கள். கூழைக்கடாக்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

சபீனாவும் ஒரு வடை வாங்கிக்கொண்டார். “நல்ல ஏற்பாடு சார். இதுக்கு ரிப்போர்ட்ல என்ன பேர் எழுதட்டும்?”

அருள்தாஸ் தொண்டையைச் செருமினார். “ஷிஃப்ட் முறைன்னு…”

“வடைன்னே எழுதிக்கோம்மா” என்றாள் ரோஸி.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. பட்டியலில் நாரைத்தாங்கல் இருந்தது. மோட்டார் படகு கிடையாது. கூடவே ஒரு நிபந்தனை: ‘ஒலி எழுப்பும் கருவி எதுவும் வளாகத்தில் இருக்கக் கூடாது.’ சபீனா சங்குக் கம்பத்தையும் பார்த்திருக்கிறார்!

அடுத்த ஞாயிறு தட்சிணாமூர்த்தியே வந்துவிட்டார். வரிசையில் நின்று டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அடுப்பண்டை வந்தார். “தங்கச்சி, நம்ம ஏரியிலயும் ஒரு சட்டி வையேன். ஜும்பா ஆட வர்றவங்க மத்தியானம் வரைக்கும் ஊட்டுக்குப் போவ மாட்றாங்கோ!”

“முதல்ல அந்த டைனோசரை அனுப்பிட்டு வாங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, அடுத்த வடையை எடுத்து அருள்தாஸின் இலையில் வைத்தாள் ரோஸி.

அருள்தாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணி இரண்டு நிமிடம். வடையைத் திருப்பிப் பார்த்தார். ஓட்டை நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. நாக்கு துடித்தது.

தண்ணீரில் பதினைந்து கூழைக்கடாக்கள் மிதந்துகொண்டிருந்தன.

“பாஸ்” என்றார்.